ஏ.எஃப்.எல். ஃபேன்டஸி இறுதிச்சுற்று: யாருக்கு எதிராக யாரை இறக்குவது?

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கான ஏ.எஃப்.எல்.-ல், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட்டும் ஹாத்தார்னும் மோதின. காலிங்வுட் பட்டியலில் முதலிடம், ஹாத்தார்ன் அடிமட்டத்துக்குப் பக்கத்தில். நிஜ வீரர்களை வைத்து நாமே ஓர் அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் செய்வதற்குப் புள்ளி எண்ணுவதுதான் ஃபேன்டஸி. எங்கள் அலுவலக ஃபேன்டஸி லீக்கில் அது இறுதிச்சுற்றின் முதல் வாரம், என் கேப்டன் காலிங்வுட்டின் நிக் டெய்கோஸ். நூறு புள்ளியைத் தாண்டுவதையே வழக்கமாக வைத்திருந்த பையன். அன்று ஹாத்தார்னின் ஃபின் மெகின்னஸ் அவரோடு நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார். ஆட்டம் முடிந்தபோது டெய்கோஸ் கிக், ஹேண்ட்பால் (பந்தைக் கைமுட்டியால் குத்தி அனுப்புவது) இரண்டும் சேர்த்துப் பந்தை அனுப்பியது மொத்தமே 5 தடவை. போதாக்குறைக்கு முழங்காலிலும் அடி. கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்புதான். ஆனால் இரட்டிக்க ஏதாவது இருந்தால்தானே?

டெய்கோஸை இறக்கியது தப்பில்லை. இன்றும் இறக்குவேன். கேப்டன் ஆக்கியதுதான் தப்பு. மெகின்னஸ் எதிரணி நட்சத்திரத்தைக் கட்டிப்போடுபவர் என்று ஏற்கெனவே பெயரெடுத்தவர். எதிரே யார் என்று நான் பார்க்கவே இல்லை.

இந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு லீக்கில் சேர்ந்து, எப்படியோ இறுதிச்சுற்று வரை வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் இறுதிச்சுற்று எப்போது என்று பாருங்கள்

ஏ.எஃப்.எல். லீக்கில் 18 கிளப்கள். நிஜ இறுதிச்சுற்று தொடங்கும்போது பல கிளப்களுக்கு சீசனே முடிந்திருக்கும். நம் அணியில் பாதிப் பேர் விடுமுறையில் போய்விட்டால் எதை வைத்து ஆடுவது? அதனால் ஃபேன்டஸி லீக்குகள் பெரும்பாலும் வழக்கமான சீசனின் கடைசி நான்கு வாரங்களையே தங்கள் இறுதிச்சுற்றாக வைத்துக்கொள்கின்றன. செப்டம்பரில் கொண்டாட்டம் தொடங்கும்போது நம் கதை முடிந்திருக்கும்.

எட்டு அணி இறுதிச்சுற்று என்றால், ஏ.எஃப்.எல். 2000-ல் கொண்டுவந்த முறையைத்தான் பல லீக்குகள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. முதல் வாரம் 1-க்கு 4, 2-க்கு 3. இதில் ஜெயித்தால் ஒரு வாரம் ஓய்வு, தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கம் 5-க்கு 8, 6-க்கு 7. அங்கே தோற்றால் வீட்டுக்கு. இரண்டாம் வாரம், மேலே தோற்றவரும் கீழே ஜெயித்தவரும் மோதுவார்கள். மூன்றாம் வாரம் அரையிறுதி மாதிரி, நான்காம் வாரம் கிராண்ட் ஃபைனல்.

நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். வழக்கமான சுற்றின் கடைசி வாரத்தில் நீங்கள் ஐந்தாம் இடத்தில் இருந்தால் அந்த வாரமே உங்களுக்கு இறுதிப்போட்டிதான். உங்கள் லீக் நான்கு அணி முறையா, ஆறு அணி முறையா, சமநிலை வந்தால் யார் முன்னேறுவார் என்பதையெல்லாம் லீக்கை நடத்துபவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தோற்ற பிறகு கேட்டால் சண்டையாகத்தான் முடியும்.

இரண்டாம் படி: புள்ளி எங்கிருந்து வருகிறது?

கிரிக்கெட் ஃபேன்டஸி ஆடியவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் குழப்பும். இங்கே கோல் அடிப்பவர் பெரிய ஆள் இல்லை. ஏ.எஃப்.எல். ஃபேன்டஸி கணக்கு இது: கிக் 3, ஹேண்ட்பால் 2, மார்க் (உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது) 3, டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து மடக்குவது) 4, கோல் 6, பிஹைண்ட் (கோல் கம்பங்களுக்கு வெளியே, ஓரக் கம்பங்களுக்குள் போகும் அடி) 1, ஹிட்அவுட் (நடுவர் போடும் பந்தை எம்பித் தன் ஆளிடம் தட்டிவிடுவது) 1. ஃப்ரீ கிக் கிடைத்தால் 1, கொடுத்தால் 3 கழியும்.

ஒரு மிட்ஃபீல்டர் 18 கிக், 10 ஹேண்ட்பால், 6 மார்க், 5 டேக்கிள், ஒரு கோல், ஒரு பிஹைண்ட் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ கிக் ஒன்று கிடைத்தது, இரண்டு கொடுத்தார். 54, 20, 18, 20, 6, 1, 1 எல்லாம் கூட்டினால் 120. கொடுத்த இரண்டுக்கும் 6 போக, 114. இதில் கோலின் பங்கு வெறும் 6.

யாரும் இடிக்காமல் பந்தை மார்க் பிடித்து, நிதானமாகப் பக்கத்தில் ஒருவருக்கு உதைத்தால் 3-உம் 3-உம் ஆறு. ஃபேன்டஸிக்காரர்கள் இதைப் 'பிளஸ் சிக்ஸ்' என்பார்கள். பின்வரிசையில் நின்று இதையே செய்துகொண்டிருக்கும் டிஃபெண்டர் நமக்குத் தங்கம், அரங்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கொட்டாவி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எதிரணி பிஹைண்ட் அடித்த பிறகு, கோல் சதுக்கத்திலிருந்து பந்தை வெளியே அனுப்புபவர் சதுக்கத்துக்குள் நின்றபடியே உதைத்தால் அது கிக் கணக்கில் சேராது. இரண்டு எட்டு ஓடி வெளியே வந்து உதைத்தால் சேரும், 3 புள்ளி. ஆகவே ஓடி வந்து உதைக்கும் பழக்கமுள்ள டிஃபெண்டர், குறி தவறிக்கொண்டே இருக்கும் அணியைச் சந்திக்கும் வாரம் அவருக்கு அறுவடைதான். எதிரணியின் கோல் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பிஹைண்டையும் பாருங்கள்.

சூப்பர்கோச் என்ற இன்னொரு ஃபேன்டஸி விளையாட்டை ஆடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மொத்தம் 3300 புள்ளி, ஆட்டத்தின் போக்கை மாற்றிய செயலுக்கு எடை அதிகம். சும்மா உதைத்துப் பிடிப்பவருக்கு அங்கே இவ்வளவு மரியாதை கிடையாது. இந்தப் பதிவு முழுக்க ஏ.எஃப்.எல். ஃபேன்டஸி கணக்கில்தான் பேசுகிறேன்.

மூன்றாம் படி: ஒரு தாள், நான்கு கட்டம்

யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை சீசன் தொடங்குவதற்கு முந்தைய நவம்பர் வாக்கிலேயே வந்துவிடும். கடைசி வாரங்களின் நாளும் நேரமும்தான் பிறகு முடிவாகும். அதனால் ஜூலையிலேயே உட்கார்ந்து இதைச் செய்யலாம்.

இடது ஓரத்தில் உங்கள் வீரர்களின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் நான்கு வாரத்துக்கு நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் எதிரணி, மைதானம், அப்புறம் ஒரு குறி: சாதகம் என்றால் +, பாதகம் என்றால் −, ஒன்றுமில்லை என்றால் 0. நான் பென்சிலில்தான் எழுதுவேன், வாரா வாரம் மாறும்.

குறியை எப்படிப் போடுவது? புதியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 'இந்த அணிக்கு எதிராக டிஃபெண்டர்கள் நிறைய எடுக்கிறார்கள்' என்று மொத்த எண்ணை மட்டும் பார்ப்பார்கள். அந்த அணி போன மாதம் சந்தித்தவர்கள் எல்லோரும் முதல்தர டிஃபெண்டர்களாக இருந்திருந்தால்? எண் பெரிதாகத்தான் வரும், அதில் எதிரணியின் பலவீனம் ஒன்றுமில்லை. அதனால் ஒவ்வொருவரையும் அவருடைய சொந்தச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு அணி கடைசியாகச் சந்தித்த நான்கு முக்கிய டிஃபெண்டர்களின் வழக்கமான சராசரி 82, 75, 90, 68 என்று வையுங்கள். அந்த அணிக்கு எதிராக அவர்கள் எடுத்தது 96, 88, 87, 81. வித்தியாசம்: +14, +13, −3, +13. கூட்டினால் 37, நான்கால் வகுத்தால் 9 சொச்சம். அதாவது இந்த அணி டிஃபெண்டர்களுக்கு ஏறக்குறைய 9 புள்ளி கூடுதலாக விட்டுக்கொடுக்கிறது. தாளில் + போடலாம். மிட்ஃபீல்டர், ஃபார்வர்ட், ரக் (ஹிட்அவுட்டுக்காக எம்பும் உயரமான ஆள்) என ஒவ்வொரு இடத்துக்கும் இதையே செய்யுங்கள். ரக்குக்கு மட்டும் எதிரே நிற்கும் ஆள் ஒருவரையே பார்த்தால் போதும். எதிரணியின் முதன்மை ரக் காயத்தில் வெளியே, ஒரு சின்னப் பையனை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்றால் நம் ரக்குக்கு ஹிட்அவுட் மழை.

ஆனால் ஒன்று. இந்த 9 புள்ளிக்காக 110 சராசரிக்காரரை உட்கார வைத்துவிட்டு 80 சராசரிக்காரரை இறக்காதீர்கள். மேட்ச்அப், அதாவது எதிரே யார் என்பது, தீர்மானிப்பது உங்கள் அணியின் கடைசி இரண்டு மூன்று இடங்களையும் கேப்டனையும்தான். அதைத் தாண்டி யோசிப்பவர்கள் தங்கள் புத்திசாலித்தனத்தாலேயே தோற்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தவன்.

நான்காம் படி: டேகர் யார்?

எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து அவரைப் பந்துக்குப் பக்கத்திலேயே விடாமல் தடுப்பவர் டேகர். எல்லா அணியும் எல்லா வாரமும் இதைச் செய்வதில்லை. செய்யும் அணிகளும் பெரும்பாலும் ஒருவரைத்தான் கட்டும். அதனால் கேள்வி இரண்டு: எதிரணியில் டேகர் இருக்கிறாரா? இருந்தால் யாரைப் பிடிப்பார்? உங்கள் வீரர் தன் அணியில் முதல் மிட்ஃபீல்டர் என்றால் பயப்படுங்கள். இரண்டாவது ஆள் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள், முதல் ஆளுக்குப் போட்ட பூட்டினால் இவருக்கு வழி திறக்கும். எதிரணிப் பயிற்சியாளரின் பத்திரிகையாளர் சந்திப்பைக் கேட்டால், 'அவரை அப்படியே சும்மா விடமாட்டோம்' என்கிற மாதிரி ஏதாவது வாயிலிருந்து விழும். அந்த ஒரு வரி போதும்.

ஐந்தாம் படி: மைதானம், மழை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மார்வெல் ஸ்டேடியத்துக்குக் கூரை உண்டு, மூடினால் பந்து நனையாது, மார்க் நிறைய. ஜீலாங்கின் மைதானம் குறுகல், அகலம் 115 மீட்டர்தான், ஓரமாக உதைத்துப் பிடித்து விளையாட இடம் குறைவு. மழை பெய்தால் மார்க் சரியும், டேக்கிள் ஏறும். ஆகவே ஈர வாரத்தில், மார்க்கை நம்பிப் பிழைக்கும் டிஃபெண்டரைவிட, விழுந்து புரண்டு டேக்கிள் போடும் ஆளுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆகஸ்ட் மெல்பர்னில் வானிலை அறிக்கையை ஆட்டத்துக்கு முந்தின நாள் பாருங்கள், திங்கள்கிழமையே பார்த்துப் பயனில்லை.

ஆறாம் படி: எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்

மாதக்கணக்கில் புள்ளி சேர்த்த பழக்கத்தில், இறுதிச்சுற்றில் ஒருவரை மட்டும் ஜெயித்தால் போதும் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. அவருடைய அணியையும் உங்கள் தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் சராசரிகளைக் கூட்டுங்கள்.

நீங்கள் 60, 70 புள்ளி முன்னால் இருக்கிறீர்கள் என்றால், கடைசி இடங்களுக்கு வாரா வாரம் 75-80 தரும் சலிப்பான ஆட்களை வையுங்கள். பின்தங்கியிருந்தால் நிலைமை தலைகீழ்: ஒரு வாரம் 40, அடுத்த வாரம் 120 என்று ஆடும் கிறுக்கனை இறக்குங்கள், அதுவும் எதிரணி + குறியில் இருக்கும் வாரத்தில். சலிப்பான ஆளை வைத்து இருபது புள்ளியில் தோற்பதும் நூறு புள்ளியில் தோற்பதும் ஒன்றுதான்.

டிராஃப்ட் லீக் என்றால் ஒரு வீரர் ஒருவரிடம்தான் இருப்பார். எதிராளிக்கு இந்த வாரம் ரக் இல்லையா? யாரும் எடுக்காமல் கிடக்கும் ஒரே உருப்படியான ரக்கை நீங்கள் எடுத்து பெஞ்சில் போட்டுவிடலாம். விதிக்குள் அடங்குவதுதான். நட்பு பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. எங்கள் லீக்கில் இதற்காக ஒருவர் என்னோடு மூன்று வாரம் காபி குடிக்க வரவில்லை.

ஏழாம் படி: கடைசி வாரக் கண்ணி

கிராண்ட் ஃபைனல் வாரம்தான் ஆபத்து. நம்முடைய இறுதிப்போட்டி, நிஜ கிளப்களுக்கு வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம். பட்டியலில் இடம் உறுதியான அணி தன் முக்கிய ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கலாம். 2015-ல் இது உச்சத்துக்குப் போனது. கடைசிச் சுற்றில் ரிச்மண்டுக்கு எதிராக நார்த் மெல்பர்ன் 9 மாற்றங்கள் செய்தது. அடுத்த வாரமே இறுதிச்சுற்றில் அதே ரிச்மண்டை ஓய்வெடுத்த கால்களோடு ஜெயித்தது. ஃப்ரீமாண்டிலும் அதே வாரம் ஆட்களை உட்கார வைத்தது. பிறகு 2016-ல் இறுதிச்சுற்றுக்கு முன் ஒரு வார இடைவெளி கொண்டுவந்தார்கள், அதனால் இந்தப் பழக்கம் குறைந்தது. முழுக்க நின்றுவிடவில்லை.

அடிமட்ட அணிகளிடமும் கவனம் வேண்டும். இழக்க ஒன்றுமில்லாத கிளப், நட்சத்திர வீரரின் தோளுக்கோ கணுக்காலுக்கோ ஆகஸ்டிலேயே அறுவை சிகிச்சை செய்து சீசனை முடித்துவிடும். பெஞ்சில் நிறைய இடம் இருந்தால், கடைசி வாரத்திலும் ஜெயித்தே ஆகவேண்டிய கிளப்பிலிருந்து, அதாவது இறுதிச்சுற்றில் இடம் பிடிக்கத் தவிக்கும் அணியிலிருந்து ஒருவரை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அவருக்கு ஓய்வு கிடைக்காது.

எட்டாம் படி: வாரக்கடைசி

வியாழன் மாலை அணி அறிவிப்பு வரும், ஞாயிறு ஆடும் அணிகளின் இறுதிப்பட்டியல் கொஞ்சம் தாமதமாகும். ஒவ்வொரு வீரரும் அவருடைய ஆட்டம் தொடங்கும்போதுதான் பூட்டப்படுவார் என்ற விதி உள்ள லீக்கில், கடைசி ஆட்டங்களில் ஆடுபவர்களை அவசரப்பட்டு வெளியே தள்ளாதீர்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கடைசி நிமிட விலகல் ஏதாவது உண்டா என்று பாருங்கள், மாற்று ஆளுக்கு எமர்ஜென்சி குறி (ஆடாதவர் இடத்தை நிரப்புபவர் என்ற குறி) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேப்டன் உள்ள லீக்கில் ஒரு வேலை பார்க்கலாம். வெள்ளி அல்லது சனி ஆடுபவரைத் துணைக் கேப்டன் ஆக்குங்கள். அவர் 130 அடித்துவிட்டால், கேப்டன் பட்டையை அந்த வாரம் ஆடாத ஒருவருக்கு மாற்றி அவரைக் களத்தில் வையுங்கள். கேப்டன் ஆடாததால் துணைக் கேப்டனின் 130 இரட்டிப்பாகும், ஆடாதவர் இடத்தை எமர்ஜென்சி நிரப்புவார். துணைக் கேப்டன் 85-ல் நின்றுவிட்டால், பட்டை ஞாயிறு ஆடும் உங்கள் சிறந்த ஆளிடமே இருக்கட்டும்.

அன்று நான் மட்டும் டெய்கோஸைத் துணைக் கேப்டனாக வைத்திருந்தால், சனிக்கிழமை இரவு கொஞ்சம் முனகிவிட்டுத் தூங்கியிருப்பேன். அதற்கப்புறம் என் கேப்டன் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஆடுகிறார்.