ரோக் பழகலாம் வாங்க: சுவர் அடிதான் முதல் பாடம்

மட்டையால் பந்தை அடித்து வளைவுகளுக்குள் செலுத்தும் ஆட்டம் குரோக்கே (croquet). அதன் பெயரைக் கேட்டதும் புல்வெளி நினைவுக்கு வரும். புல்லே இல்லாமல், கெட்டித்த மண் தரையில், சுற்றிலும் குட்டைச் சுவர் எழுப்பி அமெரிக்கர்கள் ஆடிய குரோக்கேதான் ரோக். அந்த ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் நீக்கினால் இந்தப் பெயர் வந்துவிடும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் இதற்குப் பதக்கமே உண்டு. தங்கம் வென்றவர் சார்லஸ் ஜேக்கபஸ். கலந்துகொண்ட எல்லோருமே அமெரிக்கர்கள்.

படி 1: களத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நீளம் 60 அடி, அகலம் 30 அடி. நான்கு மூலைகளையும் சாய்வாக வெட்டியிருப்பதால் எண்கோணமாகத் தெரியும். உள்ளே 10 இரும்பு வளைவுகள், இரு முனைகளிலும் ஒவ்வொரு முளை. வளைவுகள் தரையில் அசையாமல் ஊன்றியவை. பந்து நுழைய மயிரிழை இடம்தான் மிஞ்சும்.

படி 2: மட்டை. சுத்தியல் வடிவம், கைப்பிடி சுமார் 2 அடிதான். நன்றாகக் குனிந்துதான் அடிக்க முடியும். தலையின் ஒரு முகம் கடினம், மறுமுகம் ரப்பர். கை பழகும்வரை கடின முகம் போதும்.

படி 3: சுவர் அடி, அதாவது பந்தைச் சுவரில் பட்டுத் திரும்ப வைப்பது. இதில்தான் நேரம் செலவழியுங்கள். கேரம் ஆடியவர்களுக்குப் பாதி பாடம் தெரிந்ததே. இலக்கு சுவருக்கு முன்னால் 3 அடியில் இருக்கிறதா? சுவருக்குப் பின்னாலும் நேர் எதிரே 3 அடியில் அதே இலக்கு இருப்பதாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கற்பனை இலக்கை நோக்கி அடியுங்கள். பந்து சுவரில் பட்டு உண்மையான இலக்குக்குத் திரும்பும். சுழற்சியாலும் வேகத்தாலும் கோணம் கொஞ்சம் மாறும், அதனால் ஒரே இடத்திலிருந்து, ஒரே பலத்தில், இருபது முறையாவது அடித்துப் பாருங்கள். எவ்வளவு விலகுகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். சிமெண்ட் தரையும் ஒரு வரிசைச் செங்கல்லும் இருந்தால் இந்தப் பயிற்சிக்குப் போதும்.

சாய்வு மூலைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. புல்வெளிக் குரோக்கேயில் எல்லை தாண்டிய பந்தைக் கையால் எடுத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். இங்கே மூலைக்கு ஓடிய பந்தும் ஆட்டத்துக்குள் திரும்பி வரும்!

படி 4: ஆட்டம். ஒரு அணிக்கு இரண்டு பந்துகள். உரிய வளைவை உரிய திசையில் கடந்தால் இன்னொரு அடி கிடைக்கும். உங்கள் பந்து வேறு பந்தைத் தொட்டால், உங்கள் பந்தை அதை ஒட்டி வைத்து இரண்டையும் சேர்த்து அடிக்கலாம், அப்புறம் மேலும் ஒரு அடி. தன் இரு பந்துகளையும் எல்லா வளைவுகள் வழியாகவும் முதலில் கொண்டுபோய் முடிக்கும் அணிக்கே வெற்றி.

வளைவு நேர் பார்வையில் மறைந்திருந்தால், அடிப்பதற்கு முன் சுவரை ஒருமுறை பாருங்கள்.