அமெரிக்கச் சிறையில் வேலை செய்யும்போது அடிபட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாச் சிறைக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1970-இல் வந்த அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், மாநில அரசுகளை முதலாளி என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதனால் மாநிலச் சிறையில் வேலை செய்பவர் நேரடியாக அதற்குள் வரமாட்டார். கலிபோர்னியாவோ தன் சொந்தச் சட்டத்தில், இந்த விஷயத்துக்காகச் சிறைவாசியைத் தொழிலாளியாகவே கருதுகிறது. எந்தச் சிறை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஃபெடரல் சிறை, அதாவது மத்திய அரசின் சிறை என்றால், காயம்பட்ட உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். "சின்னக் காயம்தானே" என்று விடுவதால்தான் பலருக்குப் பின்னால் ஒன்றும் கிடைப்பதில்லை. மேற்பார்வையாளர் காய அறிக்கை எழுதியாக வேண்டும். விபத்து எப்படி நடந்தது என்று சிறைவாசி கையெழுத்திட்ட வாக்குமூலமும், பார்த்தவர்கள் சொன்னதும் அதில் இருக்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சமையலறையில் வழுக்கி விழுந்தேன்" என்பது போதாது. தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது, காலையிலேயே சொல்லியும் யாரும் துடைக்கவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும்.

"வெளியே போய் வழக்குப் போடலாம்" என்று இருந்துவிடுவது அடுத்த தவறு. ஃபெடரல் சிறை வேலையில் பட்ட காயத்துக்கு மத்திய அரசு மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே சொல்லிவிட்டது. இழப்பீட்டு விண்ணப்பம் ஒன்றுதான் வழி. விடுதலைக்கு 45 நாளுக்கு முன்பும் கொடுக்கக் கூடாது, கடைசி 15 நாளுக்கும் தள்ளக் கூடாது. விடுதலையாகும்போதும் பாதிப்பு மிச்சமிருந்தால்தான் பணம். ஆகவே அப்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையை மறுக்கவே கூடாது. இத்தனை குறுகிய வாசல் வைத்திருப்பது அநியாயம். ஆனால் இப்போதைக்கு இருப்பது அதுதான்.

காயம் என்றால் ரத்தம் மட்டுமல்ல. சில ஃபெடரல் சிறைகளில் பழைய கணினித் திரைகளைச் சிறைவாசிகள் சுத்தியலால் உடைத்தார்கள். அந்தத் தூசியில் ஈயமும் காட்மியமும் இருந்தன. அமெரிக்க நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் 2010-இல் இதை விரிவாக அறிக்கையாக்கினார்.

இப்படிப்பட்ட வேலை வந்தால் சட்டென்று மறுத்துவிடாதீர்கள். வேலைக்கு மறுப்பது ஒழுங்கு மீறலாகப் பதிவாகும். சிறையின் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அப்புறம், தேதியோடு ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.