மூன்று எண் வந்தால் அந்தச் சூத்திரத்தைத் தொடாதீர்கள்

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வாரம் மீ.சி.ம-வில் (மீச்சிறு பொது மடங்கு, அதாவது கொடுத்த எல்லா எண்ணாலும் வகுபடுகிற மிகச் சிறிய எண்) ஒரு பஸ் கணக்கு கொடுத்தேன். வேலூரிலிருந்து பாகாயத்துக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், ஆற்காட்டுக்கு 15, குடியாத்தத்துக்கு 20. காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் அடுத்து எப்போது ஒன்றாகக் கிளம்பும்? ஒன்பது பேரில் நான்கு பேர் நோட்டில் 3600 நிமிடம் என்று இருந்தது. பார்த்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. இதே வகைக் கணக்கில் இதே தப்பை நானும் தேர்வில் செய்திருக்கிறேன்.

பெருக்கல் சூத்திரம்

‘எண்களின் பெருக்கல் = மீ.சி.ம × மீ.பெ.கா.’ மீ.பெ.கா என்றால் மீப்பெரு பொதுக் காரணி, கொடுத்த எல்லா எண்ணையும் வகுக்கிற மிகப் பெரிய எண். நான் படித்த கைடில் இவ்வளவுதான் போட்டிருந்தது. ‘இரண்டு எண்களுக்கு மட்டும்’ என்ற மூன்று சொல் இல்லை. நானும் 12 × 15 × 20 = 3600 என்று பெருக்கி, மூன்றுக்கும் பொதுக் காரணி 1-தான் என்று வகுத்து, 3600-ஐ விடையாக்கும் ஆளாகவே தேர்வுக்குப் போனேன். விடைகளில் அப்படி ஒரு எண் இருந்தது, வட்டத்தை நிரப்பினேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அந்த வருஷம் அந்த ஒன்றரை மார்க்கில்தான் வேலை கைநழுவியது. சூத்திரத்தை அரைகுறையாக அச்சடிப்பவர்கள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு.

3600 நிமிடம் என்றால் 60 மணி நேரம். திங்கட்கிழமை காலை 6 மணிக்குச் சேர்ந்து கிளம்பிய பஸ்கள் புதன்கிழமை மாலை 6 மணிக்குத்தான் மறுபடி சேரும் என்கிறது அந்த விடை. ஆனால் 7 மணிக்கே மூன்றும் நிற்கும்: 12-இல் ஐந்து முறை, 15-இல் நான்கு, 20-இல் மூன்று. விடை 60.

ஏன் தப்புகிறது? 12-க்கும் 15-க்கும் 3 பொது. 15-க்கும் 20-க்கும் 5 பொது. 12-க்கும் 20-க்கும் 4 பொது. நேராகப் பெருக்கும்போது இவை ஒவ்வொன்றும் இரண்டு தடவை உள்ளே வந்துவிடுகின்றன. இரண்டே எண் என்றால், மீ.பெ.கா-வால் வகுத்ததும் அந்த உபரி போய்விடும். மூன்று எண்ணில், இரண்டுக்கு மட்டும் பொதுவானது மூன்றின் மீ.பெ.கா-வில் சேராது, அதனால் உபரி அப்படியே தங்கிவிடும்.

வகுத்தல் முறையிலும் இதே குழி இருக்கிறது. ‘சார், மூன்றையும் வகுக்கிற எண் இல்லையே’ என்று முதல் வரியிலேயே கோடு போட்டு நிறுத்துகிறார்கள். மீ.சி.ம-வுக்கு இரண்டு எண் வகுபட்டாலே போதும், மூன்றாவதை அப்படியே கீழே இறக்குங்கள். 2 போட்டால் 6, 15, 10. மறுபடி 2: 3, 15, 5. அப்புறம் 3: 1, 5, 5. கடைசியாக 5. இடப்பக்க எண்களைப் பெருக்குங்கள்: 2 × 2 × 3 × 5 = 60. மீ.பெ.கா-வுக்குத்தான் எல்லா எண்ணும் வகுபட வேண்டும்.

‘மீச்சிறு’ என்ற பெயர்

‘மீச்சிறு’ என்பதால் சின்ன எண் வரும் என்று நினைக்காதீர்கள். மீ.சி.ம, கொடுத்த எண்களில் பெரியதைவிடச் சிறியதாக வராது. வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மீதி வரும் கணக்கு

மீ.பெ.கா என்றால் கொடுத்த எண்களிலிருந்து மீதியை முதலில் கழியுங்கள். மீ.சி.ம-வில் எல்லாவற்றுக்கும் ஒரே மீதி என்றால் கடைசியில் அதை மீ.சி.ம-வோடு கூட்டுங்கள்.

பின்னங்கள்

பின்னங்களுக்கு மீ.சி.ம, மீ.பெ.கா கேட்டால் ஒவ்வொரு பின்னத்தையும் முதலில் சுருக்குங்கள்.