வாள்வால் மீனின் வாலை அளப்பது எப்படி? (ஹார்மோன் பாட்டில் வேண்டாம்)

போன வருஷம் எங்கள் வீட்டுத் தொட்டியில் ஸ்வார்ட் டெயில் (வாள்வால் மீன்) குட்டி போட்டது. மூன்று நான்கு மாதம் வரை எல்லாமே பெண் மாதிரிதான் இருந்தன. அப்புறம் சில குட்டிகளுக்கு மட்டும் வாலின் கீழோரம் கூராகி, பின்னால் நீள ஆரம்பித்தது. இதை வாரா வாரம் அளந்து பார்த்தால் என்ன என்று இறங்கி, முதல் ஒரு மாதத்துக் கணக்கைக் குப்பையில் போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் நடப்பது என்ன? பருவமடையும் ஆணின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டீரோன், 11-கீட்டோடெஸ்டோஸ்டீரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் ரத்தத்தில் கூடுகின்றன. மீன்களில் இரண்டாவதுதான் முக்கிய ஆண் ஹார்மோன். அதன் உத்தரவுக்கு இரண்டு துடுப்புகள் உருமாறுகின்றன. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் குதத் துடுப்பில் 3, 4, 5-ஆம் கதிர்கள் தடித்து நீண்டு, இனப்பெருக்கத்துக்கான குச்சியாகின்றன. வாலில் கீழ்ப்பக்கக் கதிர்கள் வாளாக நீள்கின்றன. கதிர் என்பது ஒரே எலும்பு அல்ல. மூங்கில் கணு மாதிரி துண்டு துண்டாகக் கோத்தது. புதுத் துண்டுகள் நுனியில்தான் சேரும். மொபைலில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால், பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து அந்தக் கணுக்களைப் பார்க்கலாம்.

பெண் மீனுக்கும் சின்னக் குட்டிக்கும் டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் வாள் முளைக்கும் என்பது ஆய்வகங்களில் எப்போதோ பார்த்தாயிற்று. அதாவது வாளுக்கான ஏற்பாடு பெண்ணின் வாலிலும் இருக்கிறது, உத்தரவு மட்டும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு மெத்தில்டெஸ்டோஸ்டீரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோனை வாங்கித் தீவனத்தில் கலக்கலாமா என்று கேட்காதீர்கள். திலாப்பியா பொரிப்பகங்களில் குஞ்சுகளை எல்லாம் ஆணாக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அளவும் நாளும் கணக்காக இருக்கும். வீட்டில் அது உங்கள் கையிலும் சாக்கடைத் தண்ணீரிலும்தான் போய்ச் சேரும். குட்டி ஆண் தானாகவே அந்த ஹார்மோனைச் சுரக்கிறது, நாம் பார்த்தால் போதும்.

படி 1: மீன்
ஒரே ஈற்றுக் குட்டிகள் ஆறு அல்லது எட்டைத் தனியாக வையுங்கள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் வாங்குவதானால் லைர்டெயில் என்ற ரகம் வேண்டாம். அதற்கு வாலின் மேலும் கீழும் நீள்வது பரம்பரைக் குணம், அளவு குழம்பும்.

படி 2: போட்டோ டப்பா
3 செ.மீ அகலமுள்ள ஒடுக்கமான கண்ணாடி டப்பா. மீன் கேமராவைப் பார்த்துத் திரும்ப இடம் இருக்கக் கூடாது. தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள், இரண்டு நிமிடத்தில் மீனைத் திருப்பி விடுங்கள். மீனை மயக்கக் கிராம்பு எண்ணெய் போடச் சொல்வார்கள். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

படி 3: ஸ்கேல் (இங்கேதான் நான் விழுந்தேன்)
தொட்டியின் முன்கண்ணாடியில் ஸ்கேலை ஒட்டி, மீன் நீந்தும்போது படம் எடுத்தேன். ஒரு வாரம் வாள் வளர்ந்தது, அடுத்த வாரம் சுருங்கியது! மீனுக்கு ஏதோ நோய் என்று உப்பெல்லாம் போட்டேன். தப்பு மீனிடம் இல்லை. கேமரா கண்ணாடியிலிருந்து 30 செ.மீ தள்ளி இருக்கிறது. மீன் கண்ணாடிக்கு உள்ளே 10 செ.மீ தள்ளி. தண்ணீரின் ஒளிவிலகலால் அந்தப் 10 செ.மீ சுமார் 7.5 ஆகத் தெரியும். 30-ஐ 37.5-ஆல் வகுத்தால் 0.8. ஆக, 20 மி.மீ வாள் படத்தில் 16 மி.மீதான். மீன் முன்னால் வந்த வாரம் வாள் ‘வளர்ந்தது’, பின்னால் போன வாரம் ‘சுருங்கியது’.

சரி, என்ன செய்வது? லேமினேட் செய்த கிராப் தாளை டப்பாவுக்குள், மீன் நிற்கும் இடத்தை ஒட்டியே வையுங்கள். மொபைலை 50-60 செ.மீ தள்ளி ஸ்டாண்டில் வைத்து இரண்டு மடங்கு ஜூம் போடுங்கள். கிட்டே கொண்டுபோகாதீர்கள், தூரம் கூடக் கூட இந்தப் பிழை குறையும். வால் வளைந்த படத்தை யோசிக்காமல் அழித்துவிடுங்கள்.

படி 4: அளப்பது
இமேஜ்ஜே (ImageJ) என்ற, படத்தில் நீளம் அளக்கும் கணினி மென்பொருள் போதும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். மொபைல் ஆப்கள் நாலைந்து பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. நேர்கோட்டுக் கருவியால் கிராப் தாளில் 20 மி.மீ இழுத்து, அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் போய் 20 என்று கொடுங்கள். பிறகு இரண்டே கோடு: மூக்கு நுனியிலிருந்து வால் எலும்பு முடியும் மடிப்பு வரை உடல் நீளம், வால் துடுப்பின் நடுவிளிம்பிலிருந்து வாள் நுனி வரை வாள் நீளம். ஒவ்வொரு கோட்டுக்கும் எம் பொத்தானை அழுத்தினால் எண் வரும். சிலர் வாளை வாலின் அடியிலிருந்தே அளக்கிறார்கள், அதுவும் சரிதான். நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.

வாளை உடலால் வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். உடல் 40, வாள் 10 என்றால் 0.25. ஸ்கேல் கொஞ்சம் தப்பினாலும் இந்த விகிதம் தப்பாது, ஏனென்றால் இரண்டும் ஒரே படத்தில் அளந்தவை. ஒன்று கவனியுங்கள்: பருவமடைந்ததும் ஆணின் உடல் வளர்ச்சி ரொம்பவே மந்தமாகிவிடும், வாள் தொடர்ந்து நீளும். விகிதம் திடீரென ஏறினால் வாள் வேகம் பிடித்துவிட்டது என்று துள்ளாதீர்கள். உடல் நின்றுபோனதும் அதில் பாதிக் காரணமாக இருக்கலாம். இரண்டு எண்களையும் தனித்தனியாகவும் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை: எல்லா அளவும் ஒரே மாதிரித் தப்பாக வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். செட் ஸ்கேலில் ‘குளோபல்’ டிக் விழுந்திருந்தால், பழைய படத்தின் ஸ்கேல் எல்லாப் படத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கொடுங்கள்.

இன்னொருவரின் ‘பெண்’ மீனுக்கு வாள் வந்ததாம். வயதான பெண்ணுக்கு அரிதாக ஆண் சாயல் வருவதுண்டு, ஆனால் பெரும்பாலும் அது தாமதமாகப் பருவமடைந்த ஆண்தான். வாலை விட்டுவிட்டுக் குதத் துடுப்பைப் பாருங்கள்: விசிறியா, குச்சியா? அதையும் வாரா வாரம் படம் எடுத்து வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

கடைசியாக, என் தொட்டியில் நீண்ட வாள்காரனின் நுனியைக் கூடப்பிறந்தவன் ஒருவன் கடித்துவிட்டான். கதிர் திரும்ப வளரும், ஆனால் அது பருவ வளர்ச்சி அல்ல, காயம் ஆறும் வளர்ச்சி. அந்த மீனின் கட்டத்தை நான் காலியாக விட்டுவிட்டேன், பக்கத்தில் ‘கடி’ என்று மட்டும் எழுதி.