கியூபிச ஓவியத்துல மனுஷ உருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியூபிசம்னா உருவத்த துண்டு துண்டா உடைச்சு வரையற ஓவிய பாணி. அந்த ஸ்டைல்ல முகம் வரையறேன்னு சொல்லி நிறைய பேர் பண்றது என்னன்னா, மொதல்ல சாதாரணமா ஒரு முகத்த வரைஞ்சுக்கிட்டு, அது மேல ஸ்கேல் வச்சு குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு கலர் அடிச்சிடறாங்க. இதுல உருவம் உடையவே இல்லங்க, ஒரே எடத்துல நின்னு பாத்த முகம் அப்படியேதான் இருக்கு. இந்த பாணிய உருவாக்கின ஓவியர்கள் பிக்காசோவும் ப்ராக்கும் பல கோணத்துல பாத்தத ஒரே படத்துல சேத்தாங்க, மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கண்ணு நேரா பாக்கும்.

பாக்குறவங்க பண்ற பெரிய தப்பு, "இதுல ஆளே இல்ல, வெறும் அப்ஸ்ட்ராக்ட்"னு தாண்டிப் போறது. பிக்காசோ 1910ல தன்னோட ஓவியங்கள வாங்கி விக்கற டீலர் கான்வைலர வரைஞ்ச படம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்ல இருக்கு, அத நெட்ல எடுத்து ஜூம் பண்ணிப் பாருங்க. கீழ நடுவுல கோத்து வச்ச கை, வயித்துகிட்ட வாட்ச் செயின், மேல அலை அலையா வாரின முடி. இந்த மாதிரி சின்னச் சின்ன அடையாளத்த வேணும்னே விட்டு வச்சிருக்காரு, அதப் புடிச்சுக்கிட்டே போனா உக்காந்திருக்கற ஆள் மெதுவா தெரிய ஆரம்பிப்பாரு, எனக்கு இந்தப் படம் அவ்ளோ புடிக்கறதுக்கு காரணமே இதுதான்.

அடுத்தது, ஒவ்வொரு துண்டையும் நாலு பக்கமும் கோடு போட்டு மூடிடறது. தயவுசெஞ்சு இத மட்டும் பண்ணாதீங்க! அந்தப் படத்துலயே பாருங்க, ஒரு துண்டோட ஒரு ஓரம் இருட்டா அழுத்தமா இருக்கும், இன்னொரு ஓரம் திறந்தே இருந்து பக்கத்துத் துண்டோட கரைஞ்சிடும், அதனாலதான் அவர் போட்டிருக்கற கோட்டு சட்டை எங்க முடியுது பின்னாடி சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே சொல்ல முடியல. இவங்களுக்கு முந்தின தலைமுறை ஓவியர் செசானோட படங்கள்லருந்து இவங்க எடுத்துக்கிட்ட வித்தை இது. மூடிட்டீங்கன்னா படம் தட்டையாயிடும்.

கலர் விஷயமும் அப்படித்தான், 1910, 11 படங்கள்ல பழுப்பு, சாம்பல்தான் அதிகம், வடிவத்த விட்டு கண்ணு கலர் பக்கம் போகக்கூடாதுன்னுதான். பளிச்னு கலர் வேணும்னா 1912க்கு அப்புறம் வந்த படங்களப் பாருங்க. 1937ல பிக்காசோ வரைஞ்ச அழுகிற பெண் படத்தையும் இந்தக் காலத்தோட சேத்துக் குழப்பிக்காதீங்க, நடுவுல கால் நூற்றாண்டுக்கும் மேல இருக்கு.

புதுசா பாக்குறவங்க இன்னொரு கியூபிச ஓவியர் யுவான் கிரிஸ், பிக்காசோவையே 1912ல வரைஞ்ச படத்துலருந்து ஆரம்பிங்க, அதுல முகமும் கையில இருக்கற பேலட்டும் (கலர் கலக்கற பலகை) தெளிவா தெரியும், பிக்காசோ 1911-12ல வரைஞ்ச 'மா ஜோலி' படத்துக்கு அப்புறமா போகலாம்.