வைட் ஆங்கிள் லென்ஸ்களை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

இரண்டு லென்ஸ்களில் எடுத்த படங்களை அருகருகே வைத்து, மூலையை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, "இது ஷார்ப், அது மங்கல்" என்று சொல்லிவிடுவது சுலபம். 85 மி.மீ. ஃபோகல் லெங்த் (இந்த எண் குறையக் குறையப் படத்தில் அதிக அகலம் விழும்) உள்ள லென்ஸில் அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 14, 16, 20 மி.மீ. என்று இறங்கும்போது அதை அப்படியே நம்ப முடியாது. மூலை மங்கலாக இருப்பதற்கு லென்ஸின் வடிவமைப்பு காரணமாக இருக்கலாம். ஃபோகஸ் வைத்த இடம், சோதித்த தூரம், கையில் கிடைத்த அந்த ஒரு பீஸ், மென்பொருள் செய்த திருத்தம் என்று வேறு எதுவும் காரணமாக இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பதால்தான் நல்ல லென்ஸ்கள் பல கடைக்கே திரும்பிப் போகின்றன.

முதலில் எண்களைப் பார்ப்போம். "14-க்கும் 16-க்கும் இரண்டு மில்லிமீட்டர்தானே" என்று நினைக்கிறோம். ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சாரின் அகலம் 36 மி.மீ. சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அதை 36-ஆல் பெருக்கி, ஃபோகல் லெங்த்தால் வகுத்தால், படத்தில் சுவரின் எவ்வளவு அகலம் விழும் என்று தெரிந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 24 மி.மீ.யில் 1.5 மீட்டர், 16-ல் 2.25 மீட்டர், 14-ல் ஏறக்குறைய 2.57 மீட்டர். சின்ன அறையை எடுக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். அதனால் 14-24 ஜூமையும் 16-35 ஜூமையும் அவற்றின் அகலமான முனையில் வைத்து மூலைகளை ஒப்பிடுவது நியாயமில்லை. இரண்டையும் 16-ல் வையுங்கள். அதிலும் லென்ஸில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், இரண்டு படங்களிலும் ஓரத்தில் ஒரே ஜன்னல், ஒரே தூண் விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அந்த எண்கள் முழு எண்ணாக்கப்பட்டவை.

அடுத்தது தூரம். டெஸ்ட் சார்ட் (நுண்ணிய கோடுகள் அச்சிட்ட சோதனை அட்டை) வைத்துச் சோதிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஒன்றரை மீட்டர் அகலச் சார்ட் 14 மி.மீ. லென்ஸில் படம் முழுக்க நிரம்ப வேண்டுமென்றால், கேமரா அதிலிருந்து 58 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்! அங்கே கிடைக்கும் முடிவை வைத்து மலையையும் கடலையும் எப்படி எடுக்கும் என்று சொல்ல முடியாது. பல லென்ஸ்களில் பக்கத்தில் ஒரு குணமும் தொலைவில் வேறு குணமும் இருக்கும்.

இயற்கைக் காட்சி எடுப்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை வேறு. மொட்டைமாடியிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும் ஒரு செல்போன் டவரைத் தேர்ந்தெடுங்கள். அதன் குறுக்குக் கம்பிகளைவிட நல்ல சார்ட் கிடையாது. காலையிலேயே எடுத்துவிடுங்கள், வெயில் ஏறினால் வெப்பக் கானல் கம்பிகளைக் கரைத்துவிடும், பழி லென்ஸ் மேல் விழும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, இரண்டு விநாடி டைமர் போடுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) முழுக்கத் திறந்திருக்கட்டும். டவரை நடுவில் வைத்து, திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், கேமராவை மட்டும் திருப்பி, டவரை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு படம். அப்புறம் அதே நான்கு மூலைகளிலும் புதிதாக ஃபோகஸ் செய்து இன்னொரு சுற்று.

இந்த இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகிவிடும். மறுபடி ஃபோகஸ் செய்ததும் மூலை ஷார்ப் ஆனால், அது ஃபீல்டு கர்வேச்சர். அதாவது லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது. இதைக் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வளைவு கேமராவை நோக்கி இருந்தால், கீழ் மூலைகளில் வரும் பக்கத்துப் பாறைக்கும் புல்லுக்கும் அதுவே உதவி. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் கெட்டு, மற்றவை நன்றாக இருந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்தோ விலகியோ இருக்கிறது. அதாவது டீசென்டரிங். அது அந்தப் பீஸின் கோளாறு. அந்த மாடலையே குறை சொல்ல அது போதாது. ஜூம் என்றால் இரண்டு முனையிலும் பாருங்கள், ஒன்றில் நேராக இருப்பது மற்றொன்றில் சாயலாம். மறுபடி ஃபோகஸ் செய்தும் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால்தான் "இந்த லென்ஸின் மூலை சுமார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மென்பொருள் திருத்தத்துக்கு வருவோம். கேனான் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப்/2.8 மாதிரி சிறிய, விலை குறைந்த லென்ஸ்களில் பீப்பாய் வளைவு (நேர்கோடுகள் வெளிப்பக்கம் புடைத்துத் தெரிவது) மிக அதிகம். அதைக் கேமராவும் லைட்ரூம் மென்பொருளும் நேராக்கிக் கொடுத்துவிடுகின்றன. நேராக்கும்போது மூலைப் பிக்சல்கள் இழுபடுகின்றன. இப்படித் திருத்திய படத்தை, பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸின் திருத்தாத படத்தோடு வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் நியாயம் இல்லை. கொடுக்கப்போவது திருத்திய படம் என்றால் இரண்டையும் திருத்தியே ஒப்பிடலாம். நட்சத்திரம் எடுப்பவர்கள் மட்டும் திருத்தாத ராவையும் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) பார்த்தே ஆக வேண்டும். மூலை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) இருண்டிருந்து மென்பொருள் அதை வெளிச்சமாக்கினால், ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்த படத்தின் மூலையில் 25600-க்குரிய நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்) வந்து உட்காரும்.

கல்யாண மண்டப மேடையில் குரூப் போட்டோ எடுத்துவிட்டு, "ஓரத்தில் நிற்பவர்கள் குண்டாகத் தெரிகிறார்கள், லென்ஸ் சரியில்லை" என்று சொல்வதும் உண்டு. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும் ஓரத்தை இழுக்கத்தான் செய்யும். 14 மி.மீ.யின் கடைசி மூலையில் ஓர் உருண்டை, அகலத்தைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு நீளமாக விழும், 24 மி.மீ.யில் சுமார் 1.3 மடங்கு. எவ்வளவு விலை கொடுத்தாலும் இது மாறாது. பின்னால் நகர்ந்து 35-ல் எடுங்கள்.

எம்டிஎஃப் வரைபடங்களை (நடுவிலிருந்து மூலை வரை லென்ஸ் நுண்ணிய கோடுகளை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று கம்பெனிகள் தரும் வரைபடங்கள்)க் கம்பெனி விட்டுக் கம்பெனி ஒப்பிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் வரைவது வடிவமைப்புக் கணக்கிலிருந்து; ஜெர்மனியின் சைஸ் (Zeiss) கம்பெனி உண்மையான லென்ஸை அளந்து தருகிறது. மற்றவர்கள் பலரும் மில்லிமீட்டருக்கு 10, 30 கோடுகள் என்று காட்டும் இடத்தில் சைஸின் வழக்கம் 10, 20, 40. ஒரே கம்பெனியின் இரண்டு லென்ஸ்களை ஒப்பிட மட்டும் அவை உதவும். அதேபோல் 24 மெகாபிக்சல் படத்தையும் 61 மெகாபிக்சல் படத்தையும் நூறு சதவீதத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஃபிலிம் காலத்து லைக்கா எம் வைட் லென்ஸ்களை அடாப்டர் போட்டு வேறு மிரர்லெஸ் கேமராக்களில் மாட்டினால், சென்சார் மேலுள்ள தடித்த கண்ணாடியால் மூலைகள் குழம்பலாம். ஒரு பாடியில் வந்த முடிவை இன்னொரு பாடிக்குச் சொல்லக் கூடாது.

கடைசியாக, ஷார்ப்னெஸ் ஒன்றையே பார்த்து வாங்குவது. நிக்கான் இசட் 14-30 எஃப்/4 எடை 485 கிராம், சாதாரண 82 மி.மீ. ஃபில்டர் முன்னால் மாட்டலாம். இசட் 14-24 எஃப்/2.8 எடை 650 கிராம். முன்னால் ஃபில்டர் போட அதற்கென்று உள்ள ஹூடும் 112 மி.மீ. ஃபில்டரும் வேண்டும். எஃப்/4-ஐவிட எஃப்/2.8-ல் கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு ஸ்டாப் வெளிச்சம் இரவு வானம் எடுப்பவருக்கு அவசியம். பகலில் எஃப்/8-ல் அருவியும் கோயிலும் எடுக்கிறவர், புதிதாக வாங்க வேண்டிய ஃபில்டர்களின் விலையையும் லென்ஸ் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் டவர் சோதனையைச் செய்துவிடுங்கள். சாய்ந்த பீஸாக இருந்தால் அதே மாடலில் வேறொன்று கேட்டு வாங்கி, அதையும் அதே டவரில் சோதியுங்கள்.