ஆகஸ்ட் மாதத்துப் பிக்கரல்: கடி குறையும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து மீன்கடைகளில் பிக்கரல் என்று எழுதி விற்கும் மீனும், அமெரிக்கர்கள் வால்ஐ என்று சொல்லும் மீனும் ஒன்றுதான். ஜூன் மாதத்தில் ஒரு ஜிக்கும் (ஈயத்தலை வைத்த முள்) இரையாக ஒரு அட்டைப்பூச்சியும் இருந்தாலே கிடைத்த இந்த மீன், ஆகஸ்ட் பாதியில் ஏரியை விட்டே போய்விட்டதுபோல் தோன்றும். படகுத்துறையில் கேட்டால், "வெயிலில் மீன் சோர்ந்து கிடக்கிறது, மெதுவாக இழுங்கள், பொறுமையாக இருங்கள்" என்பார்கள். அந்த அறிவுரையைக் கேட்பதுதான் முதல் தவறு.

மீனின் உடல்சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்குவது. தண்ணீர் 22, 23 டிகிரியில் இருக்கும்போது பிக்கரலுக்குச் செரிமானமும் வேகம், நீச்சலும் வேகம், தீனியும் அதிகம். ஆனால் வசந்தத்தில் பொரித்த, பெர்ச் என்ற சிறு மீனின் குஞ்சுகள் இப்போது இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்து கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. சிறிது நேரம் வேட்டையாடினாலே அதற்கு வயிறு நிறைந்துவிடுகிறது. நாம் நீட்டும் ஒரு மண்புழு, ஆயிரம் பெர்ச் குஞ்சுகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. கனடா, அமெரிக்கா இரண்டுக்கும் நடுவிலுள்ள ஈரி ஏரியையே பாருங்கள்: 2015, 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் அங்கே பிக்கரல் குஞ்சுகள் மிக ஏராளமாகப் பிழைத்தன. ஏரி நிறைய மீன் இருந்தும் ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பும் படகுகள் அங்கேயும் உண்டு. பெரும்பாலும் இரண்டில் ஒன்று பிசகியிருக்கும்: தூண்டில் இறங்கிய ஆழம், அல்லது அதை இழுத்த வேகம்.

மூச்சுவிட முடியாத ஆழத்தில் தூண்டில் போடுவது

வெயில் காலம் என்றால் மீன் அடியாழத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து 50 அடி, 60 அடியில் ஈயத்தை இறக்குகிறார்கள். கோடையில் ஏரித் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவில் சூடு சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய படலம். அதற்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். இந்தப் பிரிவு நிலைத்துவிட்டால், கீழடுக்குக்குக் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் போய்ச் சேராது. மேலிருந்து விழும் பாசியும் அழுகிய தாவரமும் அங்கிருக்கும் ஆக்சிஜனையும் தின்று தீர்க்கும். சத்து மிகுந்த ஏரிகளில் ஆகஸ்ட் முடிவதற்குள் தெர்மோக்ளைனுக்குக் கீழே மீன் நிலைத்து நிற்க முடியாத நிலை வந்துவிடும்.

ஈரி ஏரியின் நடுப்பகுதி இதற்குத் தெளிவான சான்று. அங்கே சராசரி ஆழம் சுமார் 60 அடி. தெர்மோக்ளைனுக்குக் கீழே மிஞ்சுவது மெல்லிய அடுக்குதான் என்பதால், அதிலிருக்கும் ஆக்சிஜன் ஆகஸ்ட், செப்டம்பரில் வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. பெரிய பிக்கரல்கள் கோடையில் ஆழம் குறைந்த மேற்குப் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வந்து, இங்கே தரையைத் தொடாமல் நடுத்தண்ணீரில் நிற்கின்றன. தரையைத் தேய்த்துக்கொண்டு போகும் தூண்டில் அவற்றின் வயிற்றுக்கு எத்தனையோ அடி கீழே போய்க்கொண்டிருக்கும். பிக்கரலின் கண் மேல்நோக்கிப் பார்ப்பதற்குத் தோதானது. தலைக்கு மேலே போகும் இரையை ஏறி வந்து எடுக்கும், கீழே போவதைத் தேடி இறங்குவது அரிது.

தெர்மோக்ளைன் எங்கே என்று படகிலுள்ள சோனாரே (ஒலியலையால் ஆழம் காட்டும் கருவி) காட்டும். ஏரியின் ஆழமான பகுதிக்குப் போய், சென்சிட்டிவிட்டியைத் தானியங்கியிலிருந்து எடுத்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரே ஆழத்தில் கிடையாக ஓடும் புகைபோன்ற பட்டை ஒன்று தெரியும். அது 28 அடியில் இருந்தால், உங்கள் வேலை 28 அடிக்கு மேலேதான். அந்தப் பட்டை எந்தப் பாறைத்திட்டில், எந்தச் சரிவில் போய்த் தரையைத் தொடுகிறதோ, அந்த இடத்தை முதலில் பாருங்கள். கனடாவின் வடக்கே, பாறை நிலத்து ஏரிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. சத்துக் குறைந்த, தெளிந்த, ஆழமான அந்த ஏரிகளில் கோடை முழுவதும் கீழேயும் ஆக்சிஜன் இருக்கும், பிக்கரலும் இறங்கும்.

கடி குறைந்தால் வேகத்தைக் குறைப்பது

இதில்தான் நிறையப் பேர் நாளையே கோட்டை விடுகிறார்கள். சூடான தண்ணீரில், வயிறு நிறைந்த மீனின் முன்னால் ஒரு புழுவை அசையாமல் தொங்கவிட்டால், அது நிதானமாகப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதே புழு மினுங்கும் தகட்டோடு சட்டென்று கடந்து போனால், யோசிக்க நேரமில்லாமல் பாய்ந்து பிடிக்கும்.

ஆகஸ்டுக்கு நம்பகமான கருவி, பாட்டம் பௌன்சரும் அதன் பின்னால் புழு ஹார்னஸும் (சுழலும் தகடும் இரண்டு முள்ளும் கோத்த லைன்). பௌன்சர் என்பது ஈயம் கோத்த வளைந்த கம்பி. அதன் கால் தரையைத் தட்டித் தட்டிப் போகும். பத்து அடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ் என்று எடை வையுங்கள், 20 அடியில் 2 அவுன்ஸ். வேகம் மணிக்கு 1 முதல் 1.5 மைல். லைன் தண்ணீருக்குள் ஏறக்குறைய 45 டிகிரிச் சாய்வில் இறங்க வேண்டும். அதைவிடச் சாய்ந்து பின்னால் நீண்டிருந்தால் பௌன்சர் படுத்துக்கொண்டு இழுபடுகிறது என்று பொருள். கல்லில் சிக்குவது அதனால்தான். லைனை இன்னும் விடாமல், எடையைக் கூட்டுங்கள். டிக்... டிக்... என்று இடைவிட்டுத் தட்டுவது ராடில் உணரப்பட்டால் சரி. தொடர்ந்து உரசினால் அரைச் சுற்று, ஒரு சுற்று லைனை ஏற்றுங்கள்.

புழுவைக் கோப்பதில் நடக்கும் பிழை சிறியது, இழப்பு பெரியது. முன்முள்ளைப் புழுவின் தலையில், மூக்கு நுனியிலேயே குத்த வேண்டும். பிறகு புழுவை நேராக நீட்டிப் பிடித்து, இரண்டாவது முள் இயல்பாக எங்கே வந்து தொடுகிறதோ அங்கே குத்துங்கள். முள்ளுக்கு ஏற்பப் புழுவைச் சுருக்கினால் இடையில் ஒரு வளைவு விழும். அந்த வளைவால் முழு ஹார்னஸும் சுழன்று லைன் முறுக்கிக்கொள்ளும், மீனும் ஒதுங்கிப் போகும். கோத்ததும் படகோரத்தில் இரண்டடி இழுத்துப் பாருங்கள்: புழு கயிறுபோல் நேராக வர வேண்டும், தகடு மட்டும் சுழல வேண்டும். வாலை மட்டும் கடித்துக்கொண்டு போகிறதா? இரண்டாவது முள்ளுக்குப் பின்னால் ஓர் அங்குலம் விட்டு மிச்சத்தைக் கிள்ளி எறியுங்கள்.

கடித்தவுடன் வெட்டி இழுப்பது அடுத்த பிழை. ராட் நுனி மெல்ல வளையும்போது அதை மீனின் பக்கமாகவே கொஞ்சம் பின்னால் கொடுங்கள். எடை முழுவதும் ஏறியதும், நீளமாக, ஒரே சீராக முன்னால் வாங்குங்கள்.

இந்த வேகத்துக்கும் அசையவில்லை என்றால் கிராங்க் பெய்ட் என்ற மீன்வடிவச் செயற்கை இரைக்கு மாறி, மணிக்கு 2 மைல், 2.5 மைல் என்று ஏற்றுங்கள். ஆழத்துக்கு லெட்கோர் லைன் (உள்ளே ஈயக்கம்பி வைத்த லைன்) உதவும். அது பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும் என்று கணக்கு வைக்கலாம். படகின் இரு பக்கமும் ஒவ்வொரு ராட் வைத்து, நேர்கோட்டில் போகாமல் பாம்புபோல் வளைந்து வளைந்து ஓட்டுங்கள். வளைவின் உட்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமெடுக்கும். தொடர்ந்து வெளிப்பக்கத்தில் கடித்தால், இன்னும் வேகம் வேண்டும் என்று மீனே சொல்லிவிட்டது.

படகைப் பாறைத்திட்டின் மேல் நிறுத்தி மீன் பிடிப்பவர்களுக்கு ஜிக்கிங் ராப் போன்ற கனமான உலோக இரை. மெல்ல ஏற்றி இறக்குவது குளிர்காலப் பனிக்கட்டிப் பழக்கம். இப்போது இரண்டு மூன்று அடி சட்டென்று சுண்டித் தூக்கி, லைனைத் தளரவிட்டு அப்படியே விழவிடுங்கள். கடி விழும்போதுதான் நடக்கும். கையில் ஒன்றும் தெரியாது, அடுத்த சுண்டலில் கனமாக இருக்கும், அவ்வளவுதான். இதற்கு நீளும் மோனோ லைன் உதவாது. 10 பவுண்டு பிரெய்டும் (நீளாத பின்னல் லைன்), முன்னால் இரண்டு மூன்று அடி ஃபுளோரோகார்பன் லைனும் வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் சிறு சுழலி ஒன்று இருந்தால் முறுக்கு ஏறாது.

களையைக் கண்டு விலகிப் போவது

புல் இருக்கும் இடம் பாஸ் மீனுக்கும் பைக் மீனுக்கும் என்று பிக்கரல்காரர்கள் தாண்டிப் போகிறார்கள். ஒண்டாரியோ ஏரியின் குவின்டே விரிகுடாவின் கதை வேறு. 1990களில் வரிச்சிப்பிகள் (ஜீப்ரா மஸல்) அங்கே பெருகித் தண்ணீரை வடிகட்டின. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கியது, நீர்க்களை பரவியது. வெளிச்சம் பிடிக்காத பிக்கரலுக்குக் களை நிழலும் கொடுக்கிறது, பெர்ச் குஞ்சையும் கொடுக்கிறது. அங்கிருக்கும் பெரிய மீன்கள் கோடையில் ஒண்டாரியோ ஏரியின் கிழக்குப் பகுதிக்குப் போய்விட்டு இலையுதிர் காலத்தில்தான் திரும்பும், ஆனால் நடுத்தர மீன்கள் களையிலேயே கிடக்கும். பச்சையாக, விறைப்பாக நிற்கும் களையின் வெளி ஓரத்தைத் தேடுங்கள். பழுத்துக் கரைந்த களையை விட்டுவிடுங்கள்.

நேரமும் அப்படித்தான். காற்றே இல்லாத தெளிந்த நாளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நின்றுவிட்டு ஏரியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி எறியும் படலம் இருக்கிறது, மங்கலில் பெர்ச்சைவிட அதற்கு நன்றாகக் கண் தெரியும். சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து இருட்டிய பின் ஒரு மணி நேரம் வரை களை உச்சிக்கு மேலே ஒல்லியான மீன்வடிவ இரையை இழுங்கள். பகலில்தான் முடியும் என்றால், காற்று அலையடித்துக் கலக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

புழுவைச் சூட்டில் வைப்பது

தென்மேற்கு ஒண்டாரியோ வயல்களில் இரவில் பொறுக்கி எடுக்கும் பெரிய மண்புழுதான் வட அமெரிக்கா முழுவதும் டப்பாவில் விற்கிறது. வெயிலில் ஒரு மணி நேரம் இருந்தால் கொழகொழத்துவிடும். ஐஸ்பெட்டியில், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் டப்பாவுக்குள் இறங்கக் கூடாது. மிஞ்சியதைக் காட்டிலோ கரையிலோ கொட்ட வேண்டாம். அந்தப் புழு இந்த நிலத்துக்குச் சொந்தமானதல்ல, காட்டுத் தரையின் இலைச்சருகைத் தின்று தீர்த்துவிடும்.

விசித்திரமாக வரும் மீனைத் தவறாக எடுத்துக்கொள்வது

நீலமாக ஒரு பிக்கரல் வந்து, பிடித்த கையிலும் நீலம் ஒட்டினால் பயப்பட வேண்டாம். மீனின் வழவழப்பில் இருக்கும் சாண்டர்சயனின் என்ற புரதத்தின் நிறம் அது. நோயல்ல, யாரும் சாயம் கொட்டவுமில்லை. ஈரி ஏரியில் முன்பு இருந்து, 1983இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட நீல பைக் என்ற மீன் திரும்பிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அது வேறு. துடுப்பிலும் தோலிலும் பருபோலக் கொத்துக் கொத்தாக இருந்தால் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ். மனிதருக்குத் தொற்றாது, தோலோடு போய்விடும்.

அடிக்கடி நடக்கும் குழப்பம், பிக்கரலின் நெருங்கிய உறவான சாகர் என்ற மீனோடுதான். பிக்கரலுக்கு வாலின் கீழ் நுனி வெள்ளையாக இருக்கும், முதல் முதுகுத் துடுப்பின் பின்கோடியில் ஒரு கருந்திட்டு இருக்கும். சாகருக்கு அந்தத் துடுப்பு முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளி. எதுவானாலும் பாஸைப் பிடிப்பதுபோல் வாய்க்குள் கட்டைவிரலை விடாதீர்கள். கோரைப்பல் ஆழமாக இறங்கும், செவுள் மூடியின் ஓரமும் கத்தி மாதிரி.

ஆழத்து மீனைப் பிடித்துப் பிடித்து விடுவது

இது தூண்டில்காரரின் நாளைக் கெடுப்பதல்ல, ஏரியைக் கெடுப்பது. பிக்கரலின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே வழி கிடையாது. 30 அடிக்குக் கீழிருந்து வேகமாக மேலே வந்தால் உள்ளே காற்று விரிந்து, இரைப்பை வாய் வழியே பிதுங்கும். அதை ஊசியால் குத்துகிறார்கள். குத்துவது இரைப்பையை, காற்றுப்பையை அல்ல. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும்போது, ஆழம் குறைந்த இடத்தில் பிடித்து விட்ட மீன்களிலும் சாவு கூடுகிறது. முள்ளை விழுங்கிய மீன் இன்னும் மோசம். மினசோட்டாவின் மில்லி லாக்ஸ் ஏரியில், விட்டபின் சாகும் மீன்களையும் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டில் கழிக்கிறார்கள். சில ஆண்டுகளில் ஜூலையில் பிக்கரல் பிடிக்கவே தடை போட்டதும் அதனால்தான்.

ஆகவே ஆழத்தில் பிடிப்பதாக இருந்தால், சட்டம் அனுமதிக்கும் அளவு மீன்களை எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். விழுங்கிய முள்ளைத் தோண்டாமல் லைனை வாயருகே வெட்டுங்கள். விடப்போகும் மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள்.

எடுத்துச்செல்லும் மீனை லைவ்வெல்லில் (படகிலுள்ள தண்ணீர்த்தொட்டி) மிதக்கவிடவும் வேண்டாம். மேல்தண்ணீர் 24 டிகிரி இருக்கும்போது அது அதற்குள்ளேயே செத்து, சதை தளர்ந்துவிடும். பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள பெட்டியில் அமிழ்த்துங்கள். ஒண்டாரியோவில் வெட்டிக் கொண்டுபோவதானால், என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கை அகலத் தோலை விட்டு வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி உறையாமல் தனித்தனியாகப் பையில் போடுங்கள். அளவுக் கட்டுப்பாடு உள்ள ஏரி என்றால் வீட்டுக்கு வரும்வரை முழு மீனாகவே இருக்கட்டும்.